பலாப்பால் ஒட்டிய அரையணாத் தலை

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துவிடுங்கள். பதினான்கு வருடம் தபால் ஆபீசில் முத்திரைக் கட்டையைப் பிடித்த கை இது. குத்தத் தெரியும், எழுத வராது. நான்காம் வகுப்போடு படிப்பு நின்றுபோனதால் எந்த இடத்தில் எந்த ‘ர’ போடுவது என்பது இன்றைக்கும் எனக்குக் குத்துமதிப்புத்தான். தப்பைப் பார்த்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். தாளில் இருக்கும் தப்பைத் திருத்தலாம். தபால்தலையில் இருக்கும் தப்பை மட்டும் திருத்திவிடாதீர்கள். அப்படித் திருத்திக் கொண்டுவந்தவர்களைப் பிடிப்பதற்குத்தான் இத்தனை வருடம் பழைய தபால்தலை வாங்கி விற்கும் இந்தக் கடையில் எனக்குச் சோறு போட்டார்கள்.

கண்ணில் புரை விழுந்ததால் நான் வேலையிலிருந்து நிற்கிறேன். என் நாற்காலிக்கு இனி வரப்போகிற தம்பிகளுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகும்படி முதலாளி சொன்னார். நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால் எனக்கு வேர்த்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

தாள், மை, அச்சு இவற்றையெல்லாம் பூதக்கண்ணாடி உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும். அது சொல்லாத சில விஷயங்கள் உண்டு. தபால்தலை பொய் சொல்வது குறைவு. அதைச் சுற்றி நிற்கும் மனிதர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். பார்வை பார்க்கிற நாமும் அந்தக் கூட்டத்தில் சேர்த்திதான்.

நான் இந்தக் கடைக்கு வந்த கதையே அப்படிப்பட்டதுதான். தபால் ஆபீசில் ஆள் குறைத்தபோது என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். யாரோ கொடுத்த ஒரு பொட்டலத்தைச் சேர்க்க சேலத்தில் இந்தக் கடைக்கு வந்தேன். மேசையில் ஒரு தட்டு நிறைய ராணி படம் போட்ட தபால்தலை. நன்றாகப் பழுத்துப்போன பழைய தலைகள். முதலாளி அவற்றை வாங்குவதற்காகப் பெட்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். என் வாய் என்னை மீறிவிட்டது. “இதெல்லாம் ஆபீசுல அடிச்ச முத்திரை இல்லீங்க” என்றேன்.

எப்படித் தெரியும் என்று கேட்டார். எனக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. முத்திரை அடிக்கிறவனுக்கு ராணியிடம் மரியாதை கிடையாது. பை தூக்குகிறவன் வாசலில் நின்று கத்திக்கொண்டிருப்பான். மூக்கோ, கண்ணோ, கிரீடமோ, எங்கே விழுந்தாலும் விழட்டும் என்று இறக்குவோம். கள்ளத்தலை செய்கிறவனோ பெரிய ராஜவிசுவாசி. திருமுகத்தில் ஒரு பொட்டு மை படாமல், ஒரு மூலையில், குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல முத்திரையை வைப்பான். அந்தத் தட்டில் முப்பது ராணிகள் இருந்தார்கள். ஒருத்திக்கும் மூக்கில் அடி இல்லை.

அன்றே வேலை கிடைத்தது. கூடவே கர்வமும் வந்தது. மறு அச்சுத் தலைகளை நான் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். சர்க்காரே பிற்பாடு பழைய அச்சை எடுத்து, பெரிய மனிதர்கள் பார்வைக்காக மறுபடி அடித்த தலைகள் அவை. பொய் என்று தள்ளவும் முடியாது, மெய் என்று சேர்க்கவும் முடியாது. கசங்காமல், அடிபடாமல், ஆயுளில் ஒரு கடிதத்தைக்கூடச் சுமக்காமல் பளபளவென்று இருக்கும். பெரிய இடத்து மாப்பிள்ளையைப் போல. இப்படி நான் நையாண்டி செய்தபடியே காலம் நன்றாகத்தான் ஓடியது, கொல்லிமலை விவகாரம் வரும் வரைக்கும்.

காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் ஒரு மிட்டாதார் இருந்தார். சில கிராமங்களுக்கு வரி தண்டும் குடும்பம். ஒரு வெள்ளைக்கார அதிகாரி தபால்தலை சேர்ப்பதைப் பார்த்து இவருக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. தோல் அட்டை போட்ட பெரிய ஆல்பம், தந்தப்பிடி வைத்த பூதக்கண்ணாடி எல்லாம் வாங்கினார். கண்ணாடியை எந்தத் தூரத்தில் பிடிப்பது என்பது மட்டும் கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. ஆல்பத்தின் முதல் பக்கத்தைக் காலியாகவே விட்டு வைத்திருந்தார். அந்த அதிகாரியிடம் இல்லாத ஒன்று கிடைத்தால்தான் அங்கே ஒட்டுவாராம்.

கிடைத்தும்விட்டது. என்னை வரவழைத்தார். மடித்து அரக்கு வைத்த ஒரு பழைய கடிதம். உடைக்கவே இல்லை. வலது பக்கத்தில் கம்பெனி காலத்து அரையணாத் தலை. நீல நிறம், ஓரத்தில் துளை கிடையாது, கத்தரியால் வெட்டியது. அதன் மேல் கறுப்புப் புள்ளிகளால் ஆன வைர வடிவ முத்திரை.

“மலைமேல தேடிக் கண்டுபிடிச்சேன். துரைக்கு எழுதியும் போட்டுட்டேன், அடுத்த மாசம் பார்க்க வர்றார்” என்றார்.

தம்பிகளே, அன்றைக்கு நான் அதைப் பார்த்த நேரம் ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்கூட இருக்காது. அவர் பக்கத்தில் நாலைந்து பேர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சீக்கிரம் சொல்லிவிட்டு அங்கிருந்து ஓட வேண்டும். ஆனால் கெட்டிக்காரன் என்று பெயரும் வாங்க வேண்டும். கூச்சமும் கர்வமும் ஒரே ஆளுக்குள் இருந்தால் தீர்ப்பு வேகமாக வந்துவிடும்.

முத்திரையின் மேல்பாதிப் புள்ளிகள் தலையின் மீது இருந்தன. கீழ்பாதி கடிதத்தாளின் மீது தொடர்ந்திருக்க வேண்டும். தொடரவில்லை. தலையின் விளிம்போடு கத்தி வைத்தாற்போல் நின்றுவிட்டது. தாள் சுத்தமாக இருந்தது. ஓரத்தை விரல் ஈரத்தால் தொட்டுப் பார்த்தேன். பழுப்பாக ஏதோ ஒரு பசை. ஈரத்துக்கு அசையவில்லை. சர்க்கார் கோந்து அப்படி இருக்காது.

“ஒட்டு வேலைங்க” என்றேன். “வேறெங்கயோ அடிபட்ட தலையை எடுத்து இதுல ஒட்டியிருக்காங்க.”

மிட்டாதாரின் முகம் கறுத்தது. ஒரு மலைக்காரனிடம் அதை வாங்கினாராம். பதிலுக்கு ஒரு ஜோடி எருது கொடுத்தாராம். “என்னையே ஏமாத்திட்டானா?” என்று எழுந்தார். தபால்தலை போனதைவிட, வரப்போகிற துரைக்கு என்ன காட்டுவது என்பதுதான் அவருக்குக் கவலை. காட்டுவதற்குத் தலை இல்லாவிட்டால் ஒரு திருடனையாவது காட்டலாம் என்று தீர்மானித்துவிட்டார்.

மூன்றாம் நாள் நாங்கள் மலையேறினோம். மிட்டாதார் டோலியில், மலைக் காய்ச்சலுக்குப் பயந்து காது வரை சால்வை, மடியில் கொய்னா மாத்திரை. பின்னால் ஒரு போலீஸ் ஏட்டு, அவருக்குப் பின்னால் நான். என்னை எதற்கு அழைத்து வந்தார்கள் என்றால், அந்த ஆள் மறுத்துப் பேசினால் நான் என் தீர்ப்பைத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். வழி நெடுக ஏட்டு இளைத்துக்கொண்டே வந்தார். அவன் தானாக இறங்கி வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கக் கூடாதா என்று அவருக்கு அவன்மேல் கோபம்.

அந்த ஆள் பெயர் சடையன். ஐம்பது வயது இருக்கும். சாமை விதைக்க உழுதுகொண்டிருந்தவர் எங்களைக் கண்டதும் ஏரை அப்படியே நிறுத்திவிட்டு வந்தார். எருது இரண்டும் நுகத்தடியிலேயே நின்றன.

ஏட்டு கடிதத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். “ஏன்டா, இந்த ஸ்டாம்பை ஒட்டினது யாரு?”

“நாந்தானுங்க.”

ஏட்டு மிட்டாதாரைத் திரும்பிப் பார்த்தார். மலையேறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை, அதற்குள் கேஸ் முடிந்துவிட்டது.

“ஒத்துக்கிட்டான், கேட்டுக்கிட்டீங்கல்ல? கெளம்புடா.”

“எங்கீங்க?”

“கீழே ஸ்டேஷனுக்கு. அங்கேயிருந்து ஜெயிலுக்கு.”

சடையன் வயலைத் திரும்பிப் பார்த்தார். “இன்னிக்கு ஆகாதுங்க. ஏரு பூட்டிக் கெடக்குது. ஈரம் காயறதுக்குள்ள ஓட்டிப்போட்டு நாளைக்கு வாரேனுங்க.”

அப்போது அவர் மனைவி வெள்ளச்சி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். கையில் மண் ஒட்டிய கிழங்கு. “ஒட்டுனதுக்கா ஜெயிலு? அப்ப என்னையுங் கூட்டிக்கிட்டுப் போங்க சாமி. பாலெடுத்துக் குடுத்தது நானு” என்றாள்.

“ரெண்டு பேரும் கூட்டு” என்றார் ஏட்டு, திருப்தியாக.

‘ஒட்டு வேலை’ என்ற வார்த்தை என்னுடையது. அது இப்போது என் கண் முன்னால் ஒரு மனிதரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கள்ளத்தலை விற்க வந்தவர்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். கதை நீளமாக இருக்கும். செத்துப்போன மாமா வருவார், தீப்பிடித்த பெட்டி வரும். ஒருவன்கூட ‘நாந்தான் ஒட்டினேன்’ என்று சொல்லிவிட்டு ஏரைப் பற்றிக் கவலைப்பட்டது கிடையாது. எனக்கு வேர்க்க ஆரம்பித்தது.

“எதுக்கு ஒட்டினீங்க?” என்று கேட்டேன்.

“உளுந்துபோச்சுங்க” என்றார் சடையன்.

“எப்போ?”

“ஒரு ஐப்பசி அடைமழையிலீங்க. மேகம் ஊட்டுக்குள்ளயே வந்து படுத்துக்கும். எல்லாம் நமுத்துப்போகும். இது கழண்டு கீழ கெடந்துச்சு. வாங்குனது வாங்குனபடி குடுக்கோணுமில்லீங்களா? பலாப் பாலுல ஒட்டி வெச்சோம்.”

“யாருக்குக் குடுக்கணும்?”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “கடுதாசி யாருக்கு வந்துச்சோ அவிகளுக்குத்தானுங்க.”

பிறகு மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. அந்தக் காலத்தில் மலைமேல் காப்பித் தோட்டம் போட்ட ஒரு துரை இருந்தாராம். சடையனின் பாட்டன் அடிவாரத்திலிருந்து அவருக்குத் தபால் சுமந்தவர். ஒரு நாள் கடிதத்தோடு மேலே வந்து பார்த்தால், துரையைக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் புதைத்துவிட்டிருந்தார்கள். யாராவது உரிமைக்காரர் வந்து கேட்பார்கள் என்று பாட்டன் கடிதத்தை மூங்கில் குழாயில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் செருகினார். யாரும் வரவில்லை. பாட்டனுக்குப் பின் அப்பன் வைத்திருந்தார், அப்பனுக்குப் பின் இவர்.

“அப்புறம் மிட்டாதார்கிட்ட ஏன் குடுத்தீங்க?”

“தொரையோட பேரப்புள்ளைக சீமையில இருக்கறாங்க, நான் அனுப்பி வெக்கறேன்னு சாமிதானே சொன்னாங்க? மாடு நாங்க கேக்கலீங்க. இத்தன காலம் காத்து வெச்சதுக்குன்னு அவிகளே ஓட்டியுட்டாங்க.”

மிட்டாதார் சால்வையைச் சரிசெய்துகொண்டு எதிர்மலையைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. மேகம் மூடியிருந்தது.

“கதை நல்லாத்தான் இருக்கு. கதையை யார் வேணா சொல்லலாம்” என்றார் கடைசியில். “முத்திரை தாள்ல தொடரலைன்னு நம்ம ஸ்டாம்புக்காரர் அன்னிக்கே சொல்லிட்டார். என்னய்யா, சொன்னீரா இல்லையா?”

சொன்னேன். ஆனால் இப்போது எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கழன்ற தலையைத் திருப்பி ஒட்டுகிறவன், இருந்த இடத்திலேயே அச்சாக ஒட்டுவானா? அரைவிரல் கீழே இறக்கி ஒட்டியிருந்தால்? தாளில் விழுந்த கீழ்பாதிப் புள்ளிகள் தலைக்கு அடியிலேயே ஒளிந்திருக்கும். தலை முன்பு இருந்த இடம் வெளிறித் தெரிந்திருக்கும்தான். ஆனால் அடுப்புப் புகை அத்தனையையும் ஒரே நிறமாக்கிவிட்டது. அன்றைக்கு நான் சுற்றிலும் பார்த்தேன். அடியில் பார்க்கவில்லை.

தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பலாப்பால் தண்ணீருக்கு மசியாது. பழம் அறுக்கிற எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்றுதான்.

“கொஞ்சம் எண்ணெ வேணுங்க” என்றேன்.

மிட்டாதார் டோலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். “யோவ்! எண்ணெய் பட்டா ஸ்டாம்பு செத்துப்போகும்யா! ஒரு காசு பெறாது!”

அவருக்கு அவ்வளவாவது தெரிந்திருந்தது எனக்கு ஆச்சரியம்.

வெள்ளச்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “பொய்யின்னுதானே சாமி சொன்னீங்க? பொய்யிக்கு எண்ணெ பட்டா வலிக்குமா?”

மிட்டாதார் மறுபடி டோலிக்குள் உட்கார்ந்துவிட்டார். என்ன சொல்வார்? சடையனை ஜெயிலில் போடும் அளவுக்கு அது பொய்யாக இருக்க வேண்டும். ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வைக்கும் அளவுக்கு மெய்யாகவும் இருக்க வேண்டும். தபால்தலைகள் நிறையப் பார்த்த கண் இது. இந்த மாதிரி ஒன்றை நான் பார்த்தது இல்லை.

“பெறகு பார்த்துக்கலாம். கீழ போய் மெட்ராசுக்கு அனுப்பி, பெரிய ஆளுகளைக் கேட்டு…” என்று அவர் இழுத்தார்.

“அதுவரைக்கும் இவன் உள்ள இருக்கட்டும்” என்று ஏட்டு முடித்துவைத்தார்.

ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. சடையன் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். கெஞ்சவில்லை. நான் பார்க்கிற வேலையை முடிக்கட்டும் என்று காத்திருப்பவரைப் போல நின்றார். மூன்று தலைமுறை காத்துப் பழகிய குடும்பம் அல்லவா.

வெள்ளச்சி விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள். ஏட்டின் கையிலிருந்த கடிதத்தை நான் வாங்கினேன். பிடுங்கினேன் என்று சொல்வதுதான் சரி. ஆயுளில் நான் ஒரு போலீஸ்காரர் கையிலிருந்து பிடுங்கியது அது ஒன்றுதான். விரலை எண்ணெயில் தோய்த்துத் தலையின் மீது தடவினேன்.

மிட்டாதார் யாரோ செத்ததைப் போல ஒரு சத்தம் போட்டார்.

எண்ணெய் ஊறியதும் நீலத்தாள் கண்ணாடி போல் ஆனது. ராணியின் கழுத்துக்கு அடியில், உள்ளிருந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கறுப்புப் புள்ளிகள் மேலே வந்தன. ஒரு மூங்கில் சிராய் கொடுத்தார்கள். ஓரத்தில் நுழைத்துத் தலையை மெல்ல நகர்த்தினேன். அரைவிரல் மேலே தள்ளியதும் இரண்டு பாதியும் சேர்ந்து முழு வைரமாக நின்றது. பதினான்கு வருடம் அடித்தவன் நான். எனக்குத் தெரியும். அது ஒரே அடி. அதுவும் ராணியின் தாடையில், நல்ல கோபமான அடி.

“நான் சொன்னது தப்புங்க. இது மெய்யான தலை. இந்தக் கடிதத்துலேயே வந்தது” என்றேன். மனிதர்களைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

மிட்டாதாரின் முகம் மலர்ந்தது. “மெய்யா?” என்றார். பிறகு என் விரலில் சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அந்த மலர்ச்சி போன வேகத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது. ஏட்டு தொப்பியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். இனிப் பிடிக்க அங்கே ஆள் இல்லை. டோலியில் இருந்த ஒருவரையோ அவரால் பிடிக்க முடியாது.

வெள்ளச்சிதான் கேட்டாள். “அப்பக் கடுதாசி சீமைக்குப் போவவே இல்லீங்களா?”

சடையன் வயலுக்குப் போனார். எருதுகளை நுகத்திலிருந்து அவிழ்த்து ஓட்டி வந்து கயிற்றை டோலிக்குப் பக்கத்தில் போட்டார். “மாட்டை ஓட்டிக்கிட்டுப் போங்க சாமி. கடுதாசி எங்ககிட்டயே இருக்கட்டும். அவிக வந்தா நாங்களே குடுத்துக்கறோம்.”

மிட்டாதார் கடிதத்தைக் கேட்கவில்லை. எண்ணெய் பட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உழவு பாதியில் நின்ற அந்த வயலை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

எண்ணெய் பட்ட தலையில் இனிப் பலாப்பால் பிடிக்காது. வெள்ளச்சி ஒரு வாழைநார் கொண்டுவந்தாள். கட்டுவதற்கு முன் சடையன் கடிதத்தை என் முன்னால் நீட்டினார். “ஏனுங்க, இந்தத் தடவ எந்த எடத்துல இருக்கோணுமின்னு காட்டிப்போட்டுப் போங்க” என்றார். திட்டியிருந்தால் எனக்கு இறங்குவது சுலபமாக இருந்திருக்கும். புள்ளிகள் சேரும் இடத்தில் தலையை வைத்து, அவர்கள் நாரைச் சுற்றி முடிக்கும் வரைக்கும் விரலால் பிடித்துக்கொண்டேன்.

இறங்கும்போது டோலி முன்னால் போயிற்று. எருதுக் கயிற்றைப் பிடிக்க ஏட்டுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அடிவாரம் வரை நான்தான் ஓட்டி வந்தேன்.

“மெய்யின்னு கண்டுபிடிச்சு அதைக் கொன்னுட்டு வந்தியா?” என்று முதலாளி கேட்டார். நல்ல கேள்விதான். இன்னும் நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. மிட்டாதாரின் ஆல்பத்தில் முதல் பக்கம் காலியாகவே இருந்ததாகக் கேள்வி. ஏன் என்று கேட்கிறவர்களிடம், அங்கே இருந்த தலை சீமைக்குப் போயிருக்கிறது என்று சொல்லுவாராம்.

நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பொய் என்று சொல்லும் முன், ஒட்டியவரைப் பார்த்து ஏன் ஒட்டினீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கண்ணாடியை எடுப்பதற்கு முன்பே கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், நான் எருது ஓட்டிய தூரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கொல்லிமலையில் காப்பி போட்டுக் காய்ச்சலில் போன ஒரு துரைக்குப் பேரன் என்றோ கொள்ளுப்பேத்தி என்றோ சொல்லிக்கொண்டு யாராவது இந்தக் கடைக்கு வந்தால், பழைய தலைகளைக் காட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். மலைமேல் சடையன் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்புங்கள். கடிதம் குழாயில் பத்திரமாக இருக்கிறது. அரக்கு இன்னும் உடையவில்லை.

தாரண வருடம், மாசி மாதம் ஏழாம் தேதி.